பள்ளிக்கூடத்தில் பறை

மதிப்பிற்குரிய ஐயா,

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை பறை கற்றுக்கொடுக்கலாம் என்று நானும் தலைமையாசிரியரும் முடிவு செய்தோம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதும் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. "சாவுக்கு அடிப்பதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவீர்களா?" என்று ஊர்த்தெருக்காரர்கள் சிலர் கோபப்பட்டார்கள். காலனியிலிருந்து வந்த ஒரு தாய், "என் மாமனார் தோளில் கிடந்ததை என் பிள்ளை தோளிலும் மாட்டப்போகிறீர்களா டீச்சர்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஏதோ பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பறை தெரியாது. காணொளிகளைப் பார்த்து நானே கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா? தோல் பறை வாங்குவதா, பைபர் பறை வாங்குவதா? ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளும் ஆசையாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தத் தாயின் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதற்குள் இருக்கிறது.

பறையடிப்பது பல தலைமுறைகளாக ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட கட்டாய வேலை. சாவு வீட்டில் விடிய விடிய அடிக்க வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் ஊர் சும்மா விடாது. இனி அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கி வைத்ததும் தலித் மக்களின் விடுதலைப் போராட்டத்தில் ஒரு பகுதிதான். அந்தத் தாய் அந்த வரலாற்றுக்குள் நின்று பேசுகிறார். அவரிடம் போய்ப் பறையின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற நமக்குத் தகுதியில்லை. வகுப்பை எப்படி நடத்துகிறீர்கள் என்பதுதான் அவருக்கான பதில்.

ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நின்று கற்க வேண்டும். காலனிப் பிள்ளைகள் மட்டும்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் வகுப்பைத் தொடங்காதீர்கள். பொறுத்திருங்கள். ஒரு பருவம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பழைய ஏற்பாட்டையே பள்ளிக்குள்ளும் நடத்திக்காட்டுவதைவிடத் தாமதம் எவ்வளவோ மேல். அதேபோல் எந்தப் பிள்ளையிடமும் "உன் தாத்தா அடிப்பாரே, நீ வந்து அடித்துக் காட்டு" என்று சொல்லிவிடாதீர்கள். அன்போடு சொன்னாலும் வகுப்பின் நடுவே அந்தக் குழந்தையின் சாதியைச் சுட்டிக்காட்டியதாகவே ஆகும். தன் வீட்டில் பறை இருப்பதைச் சொல்வதா, மறைப்பதா என்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

உங்களுடைய அடுத்த கேள்விக்கு வருகிறேன். காணொளி பார்த்து நீங்கள் கற்றுக்கொள்ளலாம், தவறில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அது போதாது. குச்சியைப் பிள்ளை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், தோள் விறைத்திருக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று தொட்டுத் திருத்த ஓர் ஆள் வேண்டும். உங்கள் ஊரிலேயே, இல்லையென்றால் அடுத்த ஊரிலாவது, பறையடிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். உங்கள் பக்கத்தில் தப்பு என்பார்கள், ஆட்டத்தைத் தப்பாட்டம் என்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக உள்ளவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழையுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆசான் என்று சொல்லி அறிமுகப்படுத்துங்கள். ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, மாதச் சம்பளமாக ஒரு தொகையை முன்கூட்டியே முடிவுசெய்து, தேதி தவறாமல் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் கையில் எதையாவது திணித்து அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் தாயின் மாமனாருக்கே விருப்பமிருந்தால், அவரே ஆசானாக வரட்டும். நீங்களும் குச்சியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் நின்று அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். டீச்சர் தவறாக அடிக்கிறார், ஆசான் திருத்துகிறார் என்பதைப் பிள்ளைகள் பார்ப்பது பெரிய பாடம்.

முதல் சில வாரங்கள் பறையையே தொட வேண்டாம். பறை நின்றபடியே வாசிக்கும் கருவி இல்லை. அடியும் ஆட்டமும் சேர்ந்ததுதான் அது. கையைப் பழக்கிவிட்டுப் பிறகு காலைச் சேர்க்கலாம் என்று நினைத்தால், கால் எடுத்து வைத்ததும் கை நின்றுவிடும். அதனால் கைத்தட்டலும் கால் அடியும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். கும்மி தெரிந்த பிள்ளைகள் இதில் முந்திக்கொள்வார்கள். ஆசான் ஓர் அடியை முதலில் வாயால் சொல்லுவார், பிள்ளைகள் வாயால் திருப்பிச் சொல்வார்கள், பிறகு கையால் தட்டுவார்கள், அதன் பிறகே குச்சி. அவர் சொல்லும் வாய்ச்சொல் பக்கத்து மாவட்டத்து ஆசான் சொல்வதிலிருந்து வேறுபடும். வேறுபடட்டும். அதை ஒழுங்குபடுத்தி நோட்டில் எழுதவைக்கும் ஆசை நம்மைப் போன்ற படித்தவர்களுக்கு வரும். முதல் ஆண்டில் எழுத்து வேண்டாம், காது பழகட்டும்.

குச்சி இரண்டு. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிம்பு. பறையின் மேல்விளிம்பை அணைத்துப் பிடித்திருக்கும் அதே கைதான் சிம்பையும் இயக்க வேண்டும். அடிக்குச்சி நடுத்தோலில் விழுந்து கனத்த ஒலியைத் தரும், சிம்பு சுள்ளென்ற ஒலியைத் தரும். பிள்ளைகள் எல்லோருக்கும் வலக்கையால் ஓங்கி அடிப்பதில்தான் ஆசை. ஆனால் பறையின் அழகு சிம்பில் இருக்கிறது. சிம்பு சரியாகப் பேசாவிட்டால் எந்த அடியும் வெறும் சத்தம்தான். பழைய டயரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு இடக்கையை மட்டும் தனியாகப் பழக்கச் சொல்லுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் தோள் மாற்றிப் போட்டுக்கொள்ளட்டும், வற்புறுத்த வேண்டாம்.

முதலில் ஒத்தையடி, அதுவும் நிதானமாக. சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி என்று ஆசானிடம் எத்தனையோ இருக்கும். அவர் கொடுக்கும்போது கொடுக்கட்டும். பல பிள்ளைகள் சேர்ந்து அடித்தால் வேகம் தானாக ஏறும், எல்லா ஊரிலும் ஏறும். அதைப் பிடித்து நிறுத்துவது கால்தான். வேகம் ஏறியதும் பறையை நிறுத்திவிட்டு வெறும் காலடியை மட்டும் போடச் சொன்னால் தாளம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். வகுப்பை மரத்தடியிலோ மைதானத்திலோ வையுங்கள். மூடிய வகுப்பறைக்குள் இத்தனை பறைகள் பிள்ளைகளின் காதுக்கு ஆகாது.

முப்பது பிள்ளைகளுக்கு ஆறு பறை போதும். ஒரு வரிசை அடிக்க, மற்ற வரிசைகள் கைத்தட்டலில் பதில் சொல்லட்டும். காத்திருக்கும் பிள்ளைதான் நன்றாகக் கேட்கிறது. ஆறில் நான்கு பைபராக இருக்கலாம். மழையிலும் பனியிலும் அதன் ஒலி இறங்காது, திருகினால் இறுகும், எடையும் குறைவு. ஆனால் மற்ற இரண்டும் தோல் பறையாக இருந்தே ஆக வேண்டும். மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, இரும்புப் பட்டையால் இணைத்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிச் செய்வது அது. தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டால் தளர்ந்து ஒலி அமுங்கும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகி ஒலி எழும். ஆசான் வைக்கோலைக் கொளுத்தி, பறையைச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சி, விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் போதும், நெருப்பு ஆசானின் பொறுப்பு. சாதாரண நாளில் வெயிலில் சாய்த்து வைத்தாலே பயிற்சிக்குத் தேவையான இறுக்கம் வந்துவிடும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பறை கனம். கைத்தாளமும் பூவரசம் பீப்பியும் கொடுங்கள். இளம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் மெல்ல நசுக்கி ஊதினால் இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி பிறக்கும். நாகசுரத்தின் சீவாளியும் இப்படித்தான் ஒலிக்கிறது. சிறிய இலை கீச்சென்று கத்தும், பெரிய இலை கனத்துப் பேசும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அரை மணி நேரத்தில் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகளின் வகுப்புக்கு அரைமணி முன்பு இவர்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்த்தெருப் பெற்றோரிடம் உண்மைகளைச் சொல்லுங்கள். தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலத்துக்கு ஒரு பறை உண்டு. வேலைக்கும் விழாவுக்கும் முழங்கிய கருவியைச் சாவோடு மட்டும் கட்டிப்போட்டது பிற்காலத்துச் சமூகம். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். உங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காட்சிகளைக் காட்டுங்கள். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் விருதைக் காட்டி மட்டும் வாதாடாதீர்கள். விருது கிடைக்காத ஆசானுக்கும் அதே மரியாதை உரியது என்பதுதான் நாம் சொல்ல வருவது. வாதம் முற்றினால் விட்டுவிடுங்கள். ஒரு பருவம் கழித்து, தங்கள் பிள்ளை அடிப்பதைப் பார்க்க வாருங்கள் என்று மட்டும் அழையுங்கள்.

ஆண்டுவிழாவுக்கும் கலைத் திருவிழாவுக்கும் உடனே தயார்படுத்தச் சொல்லி அழுத்தம் வரும். முதல் ஆண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். போட்டிக்குத் தயாராகும்போது நன்றாக அடிக்கும் எட்டுப் பேர் முன்வரிசைக்கு வருவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாம் ஆண்டில் மேடை ஏறுங்கள். அப்போது அழைப்பிதழில் தலைமையாசிரியரின் பெயருக்கு அடுத்ததாக ஆசானின் பெயரை அச்சிடுங்கள்.