ஏற்காட்டுக் குளிரில் தண்ணீர் தொடாத ஆமை

கேள்வி: வணக்கம் டாக்டர் ஐயா. ஏற்காடு நாகலூர் பக்கம் நான்கு ஏக்கரில் காபி, மிளகு வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு செல்லப்பிராணிக் கடையில் உள்ளங்கை அளவில் வாங்கிய சல்கேட்டா ஆமை எங்களிடம் இருக்கிறது. இதுவரை சேலத்து வீட்டில் வளர்ந்தது. போன ஆனியில்தான் தோட்டத்துக்குக் கொண்டு வந்தோம். காபிக் களத்தை ஒட்டி வேலி போட்டு வெளியிலேயே விட்டிருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போவதில்லை. 24 கிலோ இருந்தது, இருபது நாளில் 22 கிலோ 500 ஆகிவிட்டது. வெள்ளையாக மணல் மாதிரி கழிகிறது. காலையில் 13 டிகிரி காட்டுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், பாலைவன ஆமைக்குத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்தார். தண்ணீர்ச் சத்துக்காகத் தர்பூசணியும் வெள்ளரியும் போடுகிறேன். சிரிஞ்சில் தண்ணீர் ஊற்றலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, சிரிஞ்ச் வேண்டாம். வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கும். உள்ளே போனதை நம்மைப் போல இருமி வெளியே தள்ள ஆமையால் முடியாது. குளிர்காலத்தில் அது நேராக நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எடை எழுதியிருக்கிறீர்கள், கழிவு எழுதியிருக்கிறீர்கள், வெப்பநிலை கூட எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி அது எங்கே படுக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. நான் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஆமையின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றி 13 டிகிரி என்றால் விடியும்போது அதன் உடம்பும் ஏறக்குறைய அந்த நிலைக்கு இறங்கியிருக்கும். பனிமூட்டம் விலகப் பத்தரை, பதினொன்று ஆகிறது. சில்வர் ஓக் மர நிழலைத் தாண்டி மூன்று மணி நேர வெயில் விழுந்தால் அதிகம். அதற்குள் 22 கிலோ உடம்பு சூடேறாது. சூடேறாத ஆமைக்குப் பசியும் இல்லை, தாகமும் இல்லை. தொட்டியில் பன்னீரே வைத்தாலும் அது வராது. முதலில் சூடு, அப்புறம் தண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன ‘பாலைவன ஆமை’ கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தால் கெட்டுப்போன சிறுநீரகங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சல்கேட்டாவின் பூர்வீகம் சகாராவின் தெற்கு விளிம்பு: செனகல், மாலி, நைஜர், சாட், சூடான் வரை போகும் வறண்ட புல்வெளி. அங்கே தண்ணீர் குறைவு என்பது உண்மை. அதனால்தான் அது மண்ணைத் தோண்டி ஆழமான வளைக்குள் போகிறது. வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும், இரவு பகல் என்று வெப்பம் பெரிதாக மாறாது. மூச்சில் போகும் ஈரத்தைக்கூட அப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறது. மழை பெய்தால் வயிறு முட்டக் குடித்துச் சிறுநீர்ப்பையில் சேமித்து வைக்கும். தண்ணீரை இவ்வளவு கவனமாகக் காக்கிற பிராணிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். வளையும் இல்லை, ஈரமும் இல்லை, வெயிலும் இல்லை என்றால் அது எதை வைத்துப் பிழைக்கும்? அந்தச் சொட்டு மருந்தை மூடி அலமாரியில் வையுங்கள். உங்கள் ஆமைக்கு இருப்பது வைட்டமின் குறை இல்லை.

மணல் போன்ற வெள்ளைக் கழிவு அதன் யூரிக் அமிலம். நாம் யூரியாவாகத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுவதை ஆமை பசை போல, கொஞ்சத் தண்ணீரிலேயே வெளியேற்றும். தோசை மாவு மாதிரி வழவழப்பாக இருந்தால் சரி. விரலில் தேய்த்தால் நறநறக்கிறது என்றால் உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது. அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் கல்லாக இறுகும். இருபது நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்திருப்பதிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். குளிரில் ஆமைக்குக் கொழுப்பு இவ்வளவு வேகமாகக் கரையாது.

இன்றைக்கே ஒரு இரவுக் கூண்டு செய்யுங்கள். நாலுக்கு நாலு அடி, உயரம் இரண்டரை அடி போதும். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே தெர்மோகோல் வைத்து மூடுங்கள். தெர்மோகோல் வெளியே தெரிந்தால் கடித்துத் தின்றுவிடும். வாசலில் கனமான பிளாஸ்டிக் கீற்றுத் திரை போடுங்கள். சூட்டுக்கு எண்ணெய் நிரப்பிய சின்ன ரேடியேட்டர் ஹீட்டர் நல்லது. அதைக் கம்பி வலை வைத்துத் தடுத்துவிட்டு, முட்டை இன்குபேட்டருக்குப் போடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டி 26 டிகிரியில் வையுங்கள். நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சுக்குப் போடும் புரூடர் பல்பைத் தொங்கவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பெரிய ஆமையின் முதுகு பல்புக்கு அருகில் வந்துவிடும். ஓடு கருகும், கீழே வயிறு குளிர்ந்தே கிடக்கும், இருக்கிற ஈரமும் காய்ந்துவிடும். கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மின்சாரம் போகும் இரவுக்கு வெந்நீர் ஊற்றிய இரண்டு பிளாஸ்டிக் கேனைச் சாக்கில் சுற்றி உள்ளே வையுங்கள்.

ஹீட்டர் போட்டால் காற்று காயும். அதனால் கூண்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரை மூலையில், கவிழாதபடி வையுங்கள். தரையில் தென்னை நார்த்தூளை இலேசாக நனைத்துப் பரப்பலாம், ஆனால் ஹீட்டர் ஓடும்போது மட்டும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதன் வளை மாதிரி. குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூக்கில் சளி. அதே காரணத்தால் உங்கள் தோட்டத்து மண்ணில் அதைத் தோண்ட விடாதீர்கள். அந்தச் சில்லிட்ட குழி அதற்குச் சகாரா வளை ஆகாது.

இனி குளியல். நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதைத்தான். எந்த மருந்துப் பாட்டிலையும்விட வெதுவெதுப்பான தண்ணீரில் எனக்கு நம்பிக்கை அதிகம். மார்கழியில் மலைமேல் மாடு பால் குறைந்தாலும் முதலில் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கத்தான் சொல்வேன். ஆமைக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு இரவு முழுக்கக் கூண்டில் சூடாக இருந்த பிறகு, மறுநாள் பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள், அகலமான தொட்டியில் 30 முதல் 32 டிகிரித் தண்ணீர் வையுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அடி ஓடும் மேல் ஓடும் சேருகிற இடம் வரை ஆழம் போதும். தலை தாராளமாக மேலே நிற்க வேண்டும். முதல் பத்து நிமிடம் சும்மா நிற்கும். அப்புறம் கழுத்தை நீட்டி, மூக்கு முங்கத் தலையைத் தாழ்த்தும். தொண்டை ஏறி இறங்குவது தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் பேசாதீர்கள், ஓட்டைத் தொடாதீர்கள். நிமிடக்கணக்கில் குடிக்கும். பெரும்பாலும் தொட்டியிலேயே கழியும், அதுவும் நமக்கு வேண்டியதுதான். தண்ணீர் ஆற ஆற வெந்நீரை ஓரமாகச் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். முடிந்ததும் துணியால் துடைத்துக் கூண்டுக்கே அனுப்புங்கள், ஈரத்தோடு பனியில் விடாதீர்கள். முதல் வாரம் தினமும் செய்யுங்கள். கழிவு வழவழப்பானதும் வாரம் இரண்டு முறை போதும்.

தூக்கி வைக்காதீர்கள். பயந்த ஆமை சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடும், அதன் சேமிப்பு முழுக்கப் போய்விடும். தரையோடு தரையாகச் சரிவு வைத்த சொரசொரப்பான சிமென்ட் தொட்டி கட்டிவிட்டால் தானே நடந்து இறங்கும். எடையும் அப்படித்தான்: காபி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் பலகை சாய்த்து நடக்க விடுங்கள், வாரம் ஒரு முறை, குளியலுக்கு முன்னால்.

தர்பூசணியை இன்றோடு நிறுத்துங்கள். புல் தின்னும் வயிற்றில் சர்க்கரை புளிக்கும், வயிற்றுப்போக்கில் இன்னும் தண்ணீர் போகும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், முசுக்கொட்டை இலை, செம்பருத்தி இலை கொடுங்கள், தண்ணீர் தெளித்தே கொடுங்கள். முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல் கிடைத்தால் அதுதான் அதற்கு இளநீர். போர்டோ கலவை என்கிற பூஞ்சண மருந்தோ களைக்கொல்லியோ அடித்த காபிச் செடிக்குக் கீழே புல் அறுக்காதீர்கள். காபிப் பழத்தோல் கழுவிய தண்ணீர் அதன் வேலிக்குள் வடியாமல் பாருங்கள்.

இன்னொன்று. இளைத்துவிட்டது, பூச்சி இருக்கும் என்று சொல்லி ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யாராவது போட வந்தால் வேலிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். ஆமைக்கு அது விஷம், சாகும். ஆமை உடம்பு தெரியாதவர் கையில் எந்த ஊசியும் வேண்டாம்.

மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு, முக்கி முக்கியும் கழிக்க முடியாமை, பின்னங்கால் இழுவை, இதில் எது தெரிந்தாலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். கல் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஐந்து நாள் சூடும் குளியலும் கொடுத்தும் அது குடிக்கவில்லை என்றாலும் போங்கள். போகும்போது வண்டிக்குள் வெந்நீர்க் கேன் இருக்கட்டும்.

வாங்கிய ரசீதையும் தேடி எடுங்கள். இந்த ஆமை சைட்டிஸ் பட்டியலில், அதாவது காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. 2024-ல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் மூட்டமுமாக இருக்கிற இடம் இந்தப் பிராணிக்கு உகந்தது இல்லை. சேலத்து வெயிலில் பத்து வருடம் சுகமாக இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி முதல் மாசி வரை கீழே வீட்டிலேயே வைத்து, பங்குனியில் மேலே கொண்டு வாருங்கள். கீழேயும் மார்கழி இரவுக்குக் கூண்டு வேண்டும், ஆனால் ஹீட்டர் அவ்வளவு பாடுபடாது. இப்போதே இறக்கிவிடாதீர்கள். இரண்டு வாரம் நன்றாகத் தண்ணீர் குடித்து, எடை நின்ற பிறகு வெயில் உள்ள மதியத்தில் இறக்குங்கள். அதற்கு முன்னால் ஏழு நாள் கழித்து எனக்கு எழுதுங்கள்: எடை எவ்வளவு, காலை ஆறு மணிக்குக் கூண்டுக்குள் எத்தனை டிகிரி, கழிவு இன்னும் நறநறக்கிறதா.