கார்டிஃபிலிருந்து பெனார்த்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போக முடியுமா?

வேல்ஸில் கார்டிஃபில் வேலை, பக்கத்து ஊரான பெனார்த்தில் வீடு, கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கார்டிஃபின் கிரேஞ்ச்டவுன் பகுதியில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தவன் நான். பெனார்த்துக்குப் பெரும்பாலும் சைக்கிளில்தான் போவேன், சில ஞாயிறுகளில் நடந்தும் போவேன்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஈலி ஆறு ஓடுகிறது. அதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. கடலை ஒட்டிய தடுப்பணை ஒன்று, சற்று உள்ளே தள்ளி இருக்கும் 'பாண்ட் அ வெரின்' பாலம் மற்றொன்று. வெல்ஷ் மொழியில் அந்தப் பெயருக்கு மக்கள் பாலம் என்று பொருள்.

முதலில் தடுப்பணை. நீளம் 1.1 கிலோமீட்டர். கார்டிஃபை ஒட்டிய செவர்ன் கழிமுகத்தின் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அணை கட்டும் வரை, கடல் வற்றும்போதெல்லாம் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள கார்டிஃப் விரிகுடா வெறும் சேறாகிவிடும். 1999இல் அணை முடிந்தது, டாஃப், ஈலி ஆறுகளின் நீர் தேங்கி ஏரியானது. ஆனால் நடப்பவர்களுக்கு இந்த வழி திறந்தது 2008இல்தான். ஒரு பக்கம் அசையாத நன்னீர், மறுபக்கம் ஏறி இறங்கும் கடல், இரண்டுக்கும் நடுவே நாம். வானம் தெளிந்திருந்தால் ஃபிளாட் ஹோம் தீவு தெரியும். 1897இல் மார்கோனி கடல் தாண்டிக் கம்பியில்லாச் செய்தி அனுப்பிச் சோதித்தது அங்கிருந்துதான். பெனார்த்துக்குத் தெற்கே உள்ள லாவர்னாக் முனையில் அந்தச் செய்தி கிடைத்தது.

வேலைக்குப் போகும் காலையில் மட்டும் இந்த வழியை நம்ப வேண்டாம். படகுகளைக் கடலுக்கு விடும் மடைகளின் மேலுள்ள சிறு பாலங்கள் தூக்கப்பட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். பெனார்த்துக்குத் திரும்பும் மாலையில் அது நேராக முகத்தில் அறையும். ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

தினசரிப் பயணத்துக்கு உகந்தது பாலம்தான். 2010இல் திறந்தார்கள். அதன் அருமை எனக்குப் புரிந்தது பக்கத்து வீட்டு முதியவர் சொன்ன கதையால். துறைமுகத் தொழிலாளர்கள் ஈலியைக் கடக்க 1900இல் ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை அமைத்தார்கள். சிறுவனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நடந்தவர் அவர். குரல் கொடுத்தால் மறுமுனை வரை எதிரொலிக்குமாம். 1963இல் அதை மூடிவிட்டார்கள். அதன்பின் ஏறத்தாழ 45 ஆண்டுகள், எதிர்க்கரை கண்ணெதிரே தெரிந்தும் நடந்து போகிறவர் கார்கள் விரையும் சாலையைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. பாலத்தின் மீது பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுரங்கம் நினைவுக்கு வரும். நடப்பவர்களுக்கென்று இருந்த வழியை ஒருமுறை மூடிவிட்டால், திரும்பப் பெற ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிடுகிறது.

பாலம் தாண்டி கிரேஞ்ச்டவுன் வழியாக டாஃப் கரையைப் பிடித்தால் நகர மையம் வரை சமதளம். குடியிருப்புத் தெருக்களில் வாகனங்களுக்கு 2023 செப்டம்பர் முதல் மணிக்கு 20 மைல்தான் பொது வரம்பு. சைக்கிளுக்குப் புதியவரென்றால் இது பெரிய ஆறுதல். சிரமம் பெனார்த் பக்கம்தான். படகுத் துறையிலிருந்து ஊருக்குள் ஏறும் சாலைகள் செங்குத்து. முதல் சில மாதங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். கியர் உள்ள சைக்கிளாக வாங்குங்கள். பாதை நடப்பவர்களுக்கும் பொதுவானது, அதனால் மணி அவசியம். குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், நல்ல விளக்கும் வேண்டும். உறைபனி நாட்களில் துணிய வேண்டாம், ரயில் இருக்கிறது.

வேலையில் சேரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் வழியாகப் போய், தடுப்பணை வழியாகத் திரும்பிப் பாருங்கள். விரிகுடாவைச் சுற்றி வர மொத்தம் 10 கிலோமீட்டர். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த ஏற்றத்தையும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.