முதலில் எது? இ.எம்.டி. தேர்வில் தவறிய மகனின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி முதல் முறை தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பள்ளியில் எப்போதும் முன்வரிசையில் இருந்த பையன், ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவருக்கான இ.எம்.டி. வகுப்பை ஒரு நாள்கூடத் தவறவிடாதவன், பாடப்புத்தகத்தை மூன்று தடவை படித்தவன், அவன் எப்படித் தவறினான் என்பது உங்கள் ஆற்றாமை. டெக்சாஸில் இருக்கும் நம் வீடுகளிலிருந்து எனக்கு இப்படி அடிக்கடி கடிதம் வருகிறது. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் வேண்டும் என்று நம் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். தேர்வில் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவசர மருத்துவப் பணியாளர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான நேஷனல் ரெஜிஸ்ட்ரி நடத்தும் இந்தத் தேர்வு, தெரிந்ததை ஒப்பிக்கச் சொல்வதில்லை. 'இப்போது முதலில் என்ன செய்வாய்' என்று கேட்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள், நானே எழுதியது. 58 வயதுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து சமையலறைத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு குறட்டைபோல் வருகிறது. நெற்றியில் சின்ன வெட்டு, ரத்தம் கசிகிறது. "அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது" என்கிறார் மனைவி. முதலில் என்ன செய்ய வேண்டும்? ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்ப்பதா, காயத்துக்குக் கட்டுப் போடுவதா, மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பதா, தாடையை முன்னே தள்ளி மூச்சுவழியைத் திறப்பதா?

நன்றாகப் படிக்கிற பிள்ளை 'சர்க்கரை வியாதி' என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த அத்தியாயத்துக்கு ஓடிவிடும். இத்தனைக்கும் நான்குமே செய்ய வேண்டிய காரியங்கள்தான், தவறான விடை என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் குறட்டைச் சத்தம் என்றால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. அடைபட்ட வழியில் ஆக்ஸிஜன் கொடுத்தாலும் உள்ளே போகாது. ஆகவே முதலில் வழியைத் திறக்க வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தவர், கழுத்தெலும்பில் அடி இருக்கலாம், அதனால் தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னே தள்ள வேண்டும். ஏணி என்ற ஒரு சொல்லைக் கேள்வியில் வைத்ததே அதற்காகத்தான்.

இன்னொன்று. போதை மருந்து அளவு மீறிக் கிடக்கிற இளைஞன், நிமிடத்துக்கு நாலே மூச்சு, பல்ஸ் இருக்கிறது. கை, போதையை முறிக்கும் மருந்தான நலோக்ஸோனுக்குத்தான் போகும். ஆனால் முதலில் பை-மாஸ்க்கால், அதாவது முகத்தில் மாஸ்க் வைத்துப் பையைக் கையால் அழுத்தி, மூச்சு கொடுக்க வேண்டும், மருந்து அப்புறம். அதே சமயம் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்தால் மூச்சுவழிக்கும் முன்னால் அதை நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்குள் கேஸ் வாடை வந்தால் உள்ளே கால் வைப்பதே தப்பு. வரிசை என்பது நெட்டுரு போடும் பட்டியல் இல்லை. எது இவரை முதலில் கொல்லும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அது.

2025 ஏப்ரலில் இந்தத் தேர்வை மாற்றி அமைத்தார்கள். இப்போது கேள்விகளில் 39 முதல் 43 விழுக்காடு வரை, நோயாளியைத் தொட்டவுடன் செய்யும் முதல் பரிசோதனையைப் பற்றியது. சம்பவ இடத்தைக் கணிப்பதும் பாதுகாப்பும் 15 முதல் 19 வரை. இரண்டையும் சேர்த்தால் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. தம்பி எந்த அத்தியாயங்களுக்கு அதிக நேரம் கொடுத்தான் என்று கேளுங்கள். நோய்களின் பெயர்களுக்கும் எலும்புகளின் பெயர்களுக்கும் என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன்.

கேள்விகள் போகப்போகக் கடினமாகி, பாதியிலேயே நம்பிக்கை போய்விட்டது என்றானாம். அது அவன் குறையே இல்லை. சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். கணினி அப்படித்தான் ஒவ்வொருவரின் மட்டத்தையும் தேடுகிறது. அதனால் தேறுகிறவனுக்கும் தோற்கிற மாதிரிதான் இருக்கும். குறைந்தது 70 கேள்வி, அதிகபட்சம் 120, நேரம் இரண்டு மணி. 70லேயே திரை அணைந்தாலும் 120 வரை போனாலும், அதை வைத்து முடிவைச் சொல்ல முடியாது. அவற்றில் 10 கேள்விகள் சோதனைக்காகச் சேர்த்தவை, மதிப்பெண் கிடையாது. முந்தைய கேள்விக்குத் திரும்பவும் முடியாது. இதை அவனிடம் நிதானமாகச் சொல்லுங்கள். மூளைக்கு எட்டாத கேள்வி வந்தால், ஒரு மூச்சு விட்டு, பதில் ஒன்றைத் தேர்ந்து நகர்ந்துவிட வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? அடுத்த முறை எழுத 15 நாள் காத்திருக்க வேண்டும். நான் மூன்று வாரம் எடுக்கச் சொல்வேன். தேர்வு அறிக்கையில் எந்தெந்தப் பகுதியில் பின்தங்கினான் என்று இருக்கும், அங்கிருந்து தொடங்கட்டும். முதல் வாரம் முழுக்க மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், வேறு எதுவும் வேண்டாம். பயிற்சிக் கேள்விகளில் ஒரு நாளைக்கு நாற்பது போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் மற்ற மூன்று விடைகள் ஏன் 'இப்போது' இல்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். இருநூறு கேள்வி போட்டு மதிப்பெண் மட்டும் பார்ப்பதைவிட இது பலன் தரும் என்பதை நான் பிள்ளைகளிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

நெட்டுரு போட வேண்டிய எண்களும் உண்டு, அவை ஒரு தாளில் அடங்கும். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பெரியவர்களுக்குக் குறைந்தது 2 அங்குல ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. குழந்தைக்கு இருவர் சேர்ந்து செய்தால் 15க்கு 2. பல்ஸ் இருந்து மூச்சில்லாத பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு. இந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

நீங்களும் உதவலாம் அம்மா. மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் நோயாளி. அவன் வாசலில் நின்றே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கையுறை போட்டுவிட்டேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது, ஒரே நோயாளி, விழுந்த மாதிரி தெரிகிறது. பக்கத்தில் வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கட்டும். பல்ஸ் எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல் உங்கள் மூச்சை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். இப்படிக் கையால் செய்து பழகியது தேர்வு அறையில் திரையைப் பார்க்கும்போது தானாக நினைவுக்கு வரும்.

இரண்டு நடைமுறை விஷயங்கள். ரெஜிஸ்ட்ரி கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் அப்பா பெயர் ஒரு இடத்தில் கடைசிப் பெயராகவும் இன்னொரு இடத்தில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். இதனால் தேர்வு மையத்தின் வாசலிலிருந்தே திரும்பிய பிள்ளை எனக்குத் தெரியும், அதை இன்றே சரிபாருங்கள். இரண்டாவது, இதில் தேறினால் மட்டும் ஆம்புலன்ஸில் ஏறிவிட முடியாது. டெக்சாஸ் மாநிலச் சுகாதாரத் துறையிடம் தனியாகச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கைரேகையும் கொடுக்க வேண்டும்.

மூன்று முறை தவறினால் 24 மணி நேர மறுபயிற்சிக்குப் பிறகு மேலும் மூன்று வாய்ப்பு உண்டு. அவன் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறான்.

"ஆம்புலன்ஸ் வேலைக்கா இவ்வளவு பாடு" என்று அவன் அப்பா கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு என் வணக்கம். தரையில் மயங்கிக் கிடக்கும் ஒருவரின் தாடையை உயர்த்தி, அந்தக் குறட்டைச் சத்தம் நின்று மூச்சு சீராவதைப் பத்தொன்பது வயதில் கண்ணால் பார்க்கிற பையன், பின்னாளில் எந்த மருத்துவமனையில் நின்றாலும் நோயாளியின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான். அவர் சம்மதித்தால், ஒருநாள் இரவு அவரையும் கூடத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

தேர்வு அறிக்கையைப் படமெடுத்து அனுப்புங்கள். இரண்டாவது வாரத்தில் எதைப் படிக்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.