பிரஷர் போதவில்லை என்றால் புது கம்ப்ரஸர்தான் வழியா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்ன மெஷின் ஷாப் நடத்துகிறேன். 20 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர் இருக்கிறது. கடைக்கோடியில் உள்ள வி.எம்.சி.யில் (தானே டூல் மாற்றி உலோகம் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்) அடிக்கடி ஏர் பிரஷர் அலாரம் அடிக்கிறது. 7 கேஜியில் (சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம்) இருந்த கம்ப்ரஸர் செட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டரைக்கு ஏற்றிவிட்டோம். அலாரம் நிற்கவில்லை, பெஸ்காம் கரண்ட் பில்தான் ஏறுகிறது. 30 எச்.பி.யில் 10 கேஜி மெஷினாக வாங்கிவிடுங்கள் என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கொட்டேஷனை டிராயரில் போட்டுவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள்.

வி.எம்.சி.யின் பின்பக்கம் எஃப்.ஆர்.எல். யூனிட்டில் (உள்ளே வரும் காற்றை வடிகட்டி, பிரஷரைச் சீராக்கி, ஆயில் சேர்க்கும் பாகம்) ஒரு சின்ன பிரஷர் கேஜ் இருக்கும். டூல் மாறும்போது அதைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது 6 காட்டும் முள், டூல் மாறும் அந்த நொடியில் சடாரென்று நாலரைக்கு இறங்கி, பிறகு மெதுவாக ஏறும். அலாரம் அடிப்பது அந்த நொடியில்தான். அதே நேரம் கம்ப்ரஸர் கேஜில் ஒருவரை நிறுத்துங்கள். அங்கே எட்டரை அசையாமல் நின்றால் கம்ப்ரஸர் மேல் பழி இல்லை. அரை இஞ்ச் பைப், தூசி அடைத்த ஃபில்டர், நீளமான மெல்லிய ஹோஸ் என்று வழியில் எதுவோ காற்றை மறிக்கிறது. ஃபில்டர் எலிமெண்டை மாற்றி, கடைசித் துண்டு பைப்பைப் பெரிதாக்கி, மெஷின் பக்கத்தில் காற்றைச் சேர்த்து வைக்க ஒரு சின்ன ரிசீவர் டேங்க் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வி.எம்.சி.களில் பெரும்பாலானவற்றுக்கு 5 முதல் 6 கேஜி போதும். உங்கள் மேனுவலையும் ஒருமுறை பாருங்கள்.

கம்ப்ரஸர் கேஜும் சேர்ந்து இறங்கினால் காற்றே போதவில்லை என்று அர்த்தம். அப்போதும் முதல் சந்தேகம் லீக்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்தி, கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். ஒரு நிமிடம் லோடு (காற்றை அழுத்தும் நேரம்), மூன்று நிமிடம் அன்லோடு (சும்மா சுற்றும் நேரம்) என்று மாறி மாறி ஓடினால், அதன் திறனில் கால் பங்கு யாருக்கும் உதவாமல் வெளியே போகிறது. சோப்புத் தண்ணீரோடு ஒவ்வொரு ஜாயிண்டாகப் பாருங்கள். பிரஷரை ஏற்றினால் இந்த ஓட்டைகளும் சேர்ந்து அதிகம் குடிக்கும். எட்டரையிலிருந்து 7க்கு இறக்கினாலே லீக்கில் ஆறில் ஒரு பங்கு குறையும்.

கரண்ட் கணக்குக்கு வருவோம். இந்த ரேஞ்சில் 1 கேஜி குறைத்தால் கம்ப்ரஸர் லோடில் இழுக்கும் கரண்டில் ஆறேழு சதவீதம் மிச்சம். 20 எச்.பி. மெஷின் முழு லோடில் மணிக்கு சுமார் 17 யூனிட் எடுக்கும். மாதம் 250 மணி நேரம் அப்படி ஓடினால் 4,250 யூனிட். ஒன்றரை கேஜி இறக்கினால் ஏறக்குறைய 400 யூனிட் மிச்சம், லீக் அடைத்தது தனி. இதை எந்த டீலரும் வந்து சொல்ல மாட்டார், அவருக்கு இதில் கமிஷன் கிடையாது!

ஒரேயடியாக இறக்காதீர்கள். 0.2 கேஜி குறைத்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த படி. லோடு ஆகும் பிரஷர், அன்லோடு ஆகும் பிரஷர் இரண்டு செட்டிங்கையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நிஜமாகவே காற்று பற்றவில்லை என்றால் வாங்குங்கள், ஆனால் 10 கேஜி மாடல் வேண்டாம். அதே மோட்டார் 10 கேஜியில் தரும் காற்று 7 கேஜியில் தருவதைவிடக் குறைவு. டீலரிடம் எச்.பி. கேட்காதீர்கள். 7 கேஜியில் எத்தனை சி.எஃப்.எம். எஃப்.ஏ.டி. (நிமிடத்துக்கு நிஜமாகக் கிடைக்கும் காற்று, கன அடியில்), அதற்கு மொத்தம் எத்தனை கிலோவாட் என்று எழுத்தில் வாங்குங்கள். பிஸ்டன் மெஷின் பிரசுரங்களில் டிஸ்ப்ளேஸ்மெண்ட் அளவை (பிஸ்டன் நகரும் இடத்தை வைத்துப் போடும் கணக்கு) பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது கையில் கிடைக்கும் காற்று அல்ல.

கேள்வி: பொம்மசந்திராவில் எங்களுக்கு ஏர் கன், சின்ன சிலிண்டர்கள் மட்டும்தான். ஸ்க்ரூ கம்ப்ரஸரை நேராக 4 கேஜிக்கு இறக்கிவிடலாமா?

பதில்: கூடாது. பிரஷர் ரொம்பக் குறைந்தால் செப்பரேட்டரில் (காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) காற்றின் வேகம் கூடி, ஆயில் லைனுக்குள் வந்துவிடும். கம்பெனி மேனுவலில் குறைந்தபட்ச பிரஷர் போட்டிருக்கும், அதற்குக் கீழே போக வேண்டாம். கம்ப்ரஸரை அதற்குச் சற்று மேலே வைத்து, ஏர் கன் லைனுக்குத் தனியாக ஒரு ரெகுலேட்டர் மாட்டி அங்கே குறையுங்கள்.