'டி' டிரைவில் படங்கள் இருக்கின்றன, புது சிஸ்டம் போடலாமா?

கேள்வி: 2016-இல் வாங்கிய கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது. விண்டோஸ் 11 போடப் பார்த்தால் 'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்று வருகிறது. விண்டோஸுக்குப் பதிலாக, இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போடலாம் என்றிருக்கிறேன். குடும்பப் படங்களும் அப்பா தட்டச்சு செய்து வைத்த பழைய கடிதங்களும் 'டி' டிரைவில் உள்ளன. 'சி'யை மட்டும் அழித்தால் 'டி' அப்படியே இருக்கும்தானே?

பதில்: அதை நம்பி இறங்காதீர்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் 'சி', 'டி' இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு தேர்வு வரும். அதைச் சொடுக்கினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். 'நானே பிரித்துக்கொள்கிறேன்' என்று வேறு தேர்வுக்குப் போனாலும் அங்கே 'சி', 'டி' என்ற பெயர்களே இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்பது போல்தான் வரிசையாக வரும். எது எதுவென்று அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரி தள்ளித் தொட்டால் போதும், படங்கள் போச்சு.

ஆகவே முதல் வேலை, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுப்பது. எடுத்ததும் அதை இன்னொரு கணினியில் செருகி, பத்துப் பதினைந்து படங்களையும் இரண்டு வீடியோக்களையும் திறந்தே பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதால் மட்டும் உள்ளே இருப்பது சரியாக வந்துவிட்டது என்று ஆகாது. 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' மூன்றும் வழக்கமாக 'சி'யில்தான் இருக்கும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பயன்படுத்தினால், மேகக் குறி மட்டும் உள்ள கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். அவற்றை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் எடுத்து வையுங்கள்.

அப்பாவின் கடிதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடக் கூடாது. இப்போதே ஒரு கடிதத்தைத் திறந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' பகுதியிலிருந்து அந்தக் கோப்பையும் நகலெடுங்கள். லினக்ஸில் அதை இரட்டைச் சொடுக்கிட்டு நிறுவினால் கடிதம் பழையபடி வாசிக்கக் கிடைக்கும். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

உங்கள் முடிவு சரியானதே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, செயலிகளிலும் ஏறக்குறைய 2018-க்குப் பிந்தையவற்றைத்தான் ஏற்கிறது. தடையைச் சுற்றிப் போக வழிகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் எதையாவது வீட்டில் யாராவது தினமும் நம்பியிருந்தால், லினக்ஸ் வேண்டாம்.

நிறுவுவது எளிது. 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பது அழிந்துவிடும். நிறுவ வேண்டியதெல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மின்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் கணினி அதிலிருந்து கிளம்பாது. கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு விசை இருக்கும், அதை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

மின்ட் எதையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும். ஒரு மணி நேரமாவது அப்படியே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் நிறுவும் பொத்தானைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியிருந்தால் அதுவும் பட்டியலில் வந்து நிற்கும். நகல் பத்திரமாகக் கையில் இருப்பதால், இனி முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுவதே உங்களுக்குச் சிக்கலில்லாத வழி.

நிறுவிய பின், விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது 'தமிழ்நெட் 99' என்ற தமிழ் விசை அமைப்பின் பெயரில் சில தேர்வுகள் வரும். 'டேப்', 'டிஸ்கி' என்ற சொற்கள் உள்ளவை பழைய குறிமுறைகள். அந்தச் சொற்கள் இல்லாததை எடுங்கள், யூனிகோடில் அடிக்கலாம்.