குன்னூரில் ரிசப்ஷன், டொராண்டோவில் லீவு

தம்பி, டொராண்டோவுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது, ரிசப்ஷனைக் குன்னூரில் வைக்க வீட்டில் சொல்கிறார்கள், வீடியோவில் மூன்று இடம் காட்டுகிறார்கள், இங்கிருந்தே எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வீடு குன்னூர் பக்கத்து அருவங்காடு, பெண் வீடு மலைக்குக் கீழே காரமடை. நானும் அருவங்காட்டுப் பெண்தான். அப்பா அங்கே கார்டைட் வெடிமருந்து பேக்டரியில் இருந்தார். இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆயிற்று. 2011இல் எங்கள் ரிசப்ஷனை இதே மாதிரி இங்கிருந்து போட்டோ பார்த்து முடிவு செய்து வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு ரிசார்ட். புல்வெளியில் மேடை, பின்னால் பச்சைச் சரிவு. போட்டோ ஏதோ ஏப்ரல் மாசக் காலையில் எடுத்தது. நாங்கள் நாள் குறித்ததோ ஐப்பசியில், மாலை ஆறரைக்கு. ஐந்து மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிட்டது. மேடை விளக்கு மஞ்சள் மஞ்சளாகக் கரைந்து தெரிந்ததே தவிர, மூன்றாவது வரிசையில் இருந்தவர்களுக்கு எங்கள் முகம் தெரியவில்லை. ஆல்பத்தில் இன்றைக்கும் நாங்கள் இருவரும் சாம்பிராணிப் புகைக்குள் நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஏழரைக்குக் கீழே இருந்து வந்த இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. பதினாலு கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, பர்லியார் பக்கம் யானை. டிரைவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரரின் பெரியம்மா மொய்க்கவரை என் கையில் திணித்துவிட்டு, "சாப்பிடாமப் போறோம்னு மனசுல வெச்சுக்காதம்மா, வண்டி நிக்காதாம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். மனசில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவர் மேல் இல்லை, என் மேல்.

ஆகவே மூன்று வீடியோவையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் இடம். முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன் என்பது கோயம்புத்தூர்ப் பக்கத்து வழக்கம், மலைக்கு அது ஒத்துவராது. காலையில் முகூர்த்தம், பதினொன்றரையிலிருந்து ரிசப்ஷன், கூடவே மதியப் பந்தி. காரமடைக்காரர்கள் மூன்று மணிக்கு வண்டி ஏறினால் வெளிச்சத்திலேயே மேட்டுப்பாளையம் போய்விடலாம். என் தங்கைக்கு இப்படித்தான் செய்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய மண்டபம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கடையின் தகரக் கூரைதான் தெரியும். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. தேயிலைச் சரிவு நமக்குத்தான் ஏக்கம் தம்பி. அங்கேயே இருப்பவர்களுக்கு அது தினமும் பார்க்கிற கொல்லைப்புறம்.

மாசம்தான் நமக்குப் பெரிய தலைவலி. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம்தான் கட்டாயம் தர வேண்டிய லீவு, அதுவும் ஒரு வருஷம் வேலை பார்த்து முடித்த பிறகு. இங்கே தாராளமாக லீவு கிடைக்கிற கிறிஸ்துமஸ் சமயம் மார்கழியில் விழும். ஜூலை, ஆகஸ்டில் போகலாம் என்றால் ஆடி குறுக்கே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் கிடைக்கும், ஆனால் குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போயிற்று என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். மே மாசம் சீசன். மேலே வர குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. 2025 சீசனில் நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். உள்ளூர் டி.என். 43 வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால், சீசனில்தான் வைக்க முடியும் என்றால் குன்னூர் வேன்களையே மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பி ஆட்களை ஏற்றி வரச் சொல்லுங்கள்.

என் ஓட்டு தை மாசத்துக்கு. குளிரும், ஆனால் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 15 பார்த்த நமக்குப் பத்து டிகிரி ஒரு குளிரா என்று தோன்றும். இங்கே கதவைத் திறந்து உள்ளே போனால் ஹீட்டர். அங்கே மண்டபத்துக்கு உள்ளேயும் அதே பத்து டிகிரிதான், தரை இன்னும் மோசம். பட்டுப் புடவையில் செருப்பில்லாமல் மூன்று மணி நேரம் நின்ற எனக்குத் தெரியும். மேடைக்குக் கெட்டியான ஜமக்காளம் கேளுங்கள்.

சமையல்காரரைக் கீழே இருந்து கூட்டி வராதீர்கள். குன்னூர் 1,850 மீட்டர் சொச்சம் உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அண்டாச் சோறு வேக அதிக நேரம் பிடிக்கும். எங்களுக்கு வந்தவர் கோயம்புத்தூர்க் கணக்கில் உலை வைத்தார். முதல் பந்தி முக்கால் மணி நேரம் தாமதம், கேசரியில் நெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இட்லி மாவும் அந்தக் குளிரில் ஒரு ராத்திரியில் பொங்காது. உள்ளூர் ஆளுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டாம். சமையல் கட்டுக்கும் பந்திக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும் பாருங்கள், இலைக்கு வருவதற்குள் சாம்பார் ஆறிவிடும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புக்கும் தடை. எவர்சில்வர் டம்ளர் மண்டபத்திலேயே எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

ஆள் கணக்கு. இங்கே ஸ்கார்பரோ ஹாலில் தட்டுக்கு இத்தனை டாலர், வருகிறேன் என்று பதில் சொன்னவருக்குத்தான் நாற்காலி. அருவங்காட்டில் பத்திரிகை வைத்தால் லைன் வீடு முழுக்க வரும், வரவும் வேண்டும். 300 பேர் என்று உங்கள் அப்பா சொன்னால் 450க்கு இடம் பாருங்கள். இங்கே உள்ள ஆபீஸ் சிநேகிதர்களுக்கு, திரும்பி வந்த பிறகு வீட்டிலேயே ஒரு சனிக்கிழமை பிரியாணி போட்டால் போதும்.

கல்யாணத்தை லீவின் முதல் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். திருமணத்தைப் பதிவு செய்ய 90 நாள் அவகாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் அங்கே இருக்கப் போவது பத்து நாள். பெண்ணுக்கு விசா போட அந்தச் சான்றிதழ் வேண்டும். மண்டபத்து ரசீதையும் பத்திரிகையையும் பத்திரமாக வையுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்பாவையோ மாமாவையோ ஒரு நாள் முகூர்த்த நேரத்துக்கே அங்கே போய் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். இங்கே அப்போது ராத்திரிதான், முழித்திருந்து பாருங்கள். மேடையைக் காட்ட வேண்டாம். பஸ் எங்கே நிற்கும், வயதானவர்கள் எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பறை எங்கே என்று நடந்து காட்டட்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தனி பில்லாக வந்தது.