இடைக்கால ஆங்கில இலக்கியம் படிக்க அக்கால மொழியைக் கற்றே ஆக வேண்டுமா?

இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பு போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நூற்றாண்டைப் படிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 3,182 அடிகள் கொண்ட பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் மொழி, மூன்று பாலும் வேற்றுமை உருபுகளும் உடையதாகையால், ஜெர்மன் கற்பதுபோல் இலக்கணத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் 650 முதல் 1350 வரையிலான இலக்கியம் இளங்கலை முதலாண்டிலேயே பாடமாக இருப்பதால், அங்கு இதைத் தவிர்க்க இயலாது.

1400-இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் நிலை வேறு. அவருடைய லண்டன் வழக்கு இன்றைய ஆங்கிலத்துக்கு நெருக்கமானது என்பதால், சில வார வாய்விட்ட வாசிப்பிலேயே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் அந்த நெருக்கமே ஏமாற்றும்: இன்று 'இனிய' எனப் பொருள்படும் 'நைஸ்' என்ற சொல் அவரிடம் பெரும்பாலும் 'மூடத்தனமான' என்பதையே குறிக்கிறது. இன்று 'நைட்' (knight) என்று ஒலிக்கும் வீரனை அவர் 'க்னிஹ்ட்' என்பதுபோல் உச்சரித்திருப்பார். சொல்லின் இறுதியில் வரும் எகரத்தையும் (e) பல இடங்களில் ஒலித்தால்தான் அடிக்குப் பத்துக்குக் குறையாத அசைகள் தேறும். மொழிபெயர்ப்பில் முதலில் பலியாவது இந்த ஓசைதான் (நகைச்சுவையும் கூடவே போகும்).

இத்தாலியின் தாந்தே போன்ற பிற ஐரோப்பிய மொழிக் கவிஞர்களை மட்டும் இருமொழிப் பதிப்பில் படிப்பதே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து.